கோணமலைக்கு அடியில் 41 நிமிடம்

"மூச்சை மட்டும் பிடிச்சு வச்சிராதீங்க அண்ணா. வேற எதை மறந்தாலும் பரவாயில்ல."

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளிக் கடற்கரை. காலை ஏழு மணி. என்னைக் கடலுக்குள் கூட்டிப்போக வந்த தம்பி சொன்ன முதல் பாடம் இதுதான். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். கையில் இரண்டு ஃபின், தோளில் ஒரு சிலிண்டர், முகத்தில் நேற்று இரவு சரியாகத் தூங்காத களை. நான் ஸ்கூபா சான்றிதழ் வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது என்று சொன்னதும் அவர் முகத்தில் ஒரு சின்னக் கவலை ஓடியது. அதனால்தான் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

குடும்பத்தோடு ஒரு வாரம் விடுமுறை, ஜூலை மாதம். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும் பருவம். மேற்கிலும் தெற்கிலும் அப்போது அலை ஏறிக் கிடக்கும். நவம்பருக்கு மேல் நிலைமை தலைகீழ். பிள்ளைகளுக்கு மணல், மனைவிக்கு ஓய்வு, எனக்குக் கடல் என்று பிரித்துக்கொண்டோம். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் ஒன்று உண்டு. பெட்டியில் நீச்சல் உடையைவிட ஜெராக்ஸ் தாள்கள்தான் அதிகம். மீன் பார்க்க நான் வரவில்லை. கோணேசர் கோவிலின் கல்லைப் பார்க்க வந்தேன்.

அந்தக் கல் கடலுக்குள் எப்படிப் போனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படகு கிளம்பி மலையடிக்குப் போக எப்படியும் அரை மணி நேரம் ஆகும்.

திருகோணமலை நகரத்தின் கிழக்கு ஓரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலமுனை. அதன் நுனியில் செங்குத்தாக எழுந்து நிற்கிறது பாறை. அதைச் சுவாமி மலை என்கிறார்கள். உச்சியில் கோணேசுவரம். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்தபோது இந்த முனையில் ஒன்றல்ல, மூன்று கோவில்கள் இருந்தன என்று அவர்களுடைய பாதிரியார் கெய்ரோஸ் எழுதி வைத்திருக்கிறார். ஏறும் வழியில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் பெரியது.

தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா காலத்தில் அத்தனையும் இடிக்கப்பட்டது. 1622 என்பவர்களும் உண்டு, 1624 என்பவர்களும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு அன்று சாமி ஊர்வலமாக ஊருக்குள் போயிருந்த நேரத்தில் உள்ளே புகுந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இடித்த கல்லில் பெரும்பகுதியைக் கொண்டு அதே முனையில் கோட்டை கட்டினார்கள். மிச்சம் கடலுக்குள் போனது. கோவில் கடற்கோளில் மூழ்கியது என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். கடலுக்கு அந்தப் பழி தேவையில்லை. இதைச் செய்தது மனிதக் கை.

முந்தின நாள் சாயங்காலம் கோட்டைக்குள் நடந்து போய்ப் பார்த்தேன். ஒல்லாந்தர் கையில் இருந்து, பிறகு பிரித்தானியர் கைக்கு வந்து, 1803இல் ஃபிரெடெரிக் கோட்டை என்று பெயர் மாறிய இடம். இன்றும் ராணுவம் இருக்கிறது. புள்ளிமான்கள் ரோட்டில் நின்றுகொண்டு பிஸ்கட் கேட்கின்றன. நுழைவாயில் கல்லில் இரட்டை மீன் சின்னம், பக்கத்தில் தமிழ் எழுத்து. பாண்டியர் சின்னம் பதித்த கோவில் கல் ஒன்று கோட்டைக்குக் கதவு நிலையாக நிற்கிறது. நாலு நூற்றாண்டாக அதன் வழியே எத்தனை படைகள் உள்ளே போயின, வெளியே வந்தன என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். காவலுக்கு நின்றவர் "போங்க, போங்க" என்றார்.

மலைமேல் இன்னொரு தூணின் கதையும் உண்டு. கோவில் தூண்தான். அதில் ஒல்லாந்த எழுத்தில் ஃபிரான்சினா என்ற பெண்ணின் பெயரும் 1687 என்ற ஆண்டும் வெட்டியிருந்தார்கள். காதலன் கப்பலேறிப் போய்விட, அவள் இந்தப் பாறையிலிருந்து குதித்துச் செத்தாள் என்று பிரித்தானியர் காலத்துப் பயண நூல்களெல்லாம் உருகி உருகி எழுதின. பிறகு ஆவணங்களைப் புரட்டிய ஆய்வாளர்கள், அந்த அம்மாள் குதிக்கவும் இல்லை, சாகவும் இல்லை, அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டு வாழ்ந்தாள் என்று காட்டினார்கள். சாகாத பெண்ணுக்கு ஒரு நினைவுத்தூண், அதுவும் உடைத்த கோவிலின் தூணில். இந்த ஊரில் கல் ஒன்று, பெயர் வேறு.

படகு நின்றது. மலை தலைக்கு மேல் தொங்குவதுபோல இருந்தது. உச்சியில் மணிச் சத்தம்.

"கல்லைத் தொடாதீங்க அண்ணா. உடும்பு மாதிரி ஒட்டிக்கிட்டு ஃபோட்டோ எடுக்கிற ஆக்கள் இருக்காங்க" என்றார் தம்பி. இடுப்பில் ஆறு கிலோ ஈயம். முதுகில் பதினோரு லிட்டர் சிலிண்டர், அதற்குள் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று. விட்டுப் பார்த்தால் 2200 லிட்டர். மாஸ்க்கை ஒரு கையால் அழுத்திக்கொண்டு பின்பக்கமாக விழுந்தேன்.

முதல் ஐந்து நிமிடம் வரலாறு எதுவும் நினைவில் இல்லை. காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதி, காதைத் திறந்து, ஒரு மீட்டர் இறங்கி, மறுபடி ஊதி, இப்படியே போனது. எட்டு மீட்டருக்குக் கீழே போனதும் எல்லாம் அடங்கியது. தண்ணீர் கொஞ்சம் கலங்கல்தான். பாறைகள் வீடு வீடாகக் கிடந்தன. அவற்றின் இடுக்கில் மஞ்சளும் நீலமுமாக மீன்கள். அடியில் தேங்காய் மூடிகள், நிறைய. மேலே கோவிலில் உடைப்பவை.

பதினாறு மீட்டரில் தம்பி நின்றார். ஒரு பக்கம் கை காட்டினார். பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பாறை. இன்னும் கிட்டப் போனேன். பாறைக்கு நேர்க்கோடு இருக்காது. இதற்கு இருந்தது. நாலு மூலையும் வெட்டிய ஒரு நீளக் கல், சாய்ந்து, பாதி மணலுக்குள். ஒரு முகத்தில் பவளம் படர்ந்து மூடியிருந்தது. மற்ற முகத்தில் பட்டையாக ஒரு வரி, அதற்கு மேல் இன்னொரு வரி. தூண். எந்த நூற்றாண்டு என்றெல்லாம் அந்தக் கலங்கலில் வைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் யாரோ ஒருவர் உளி பிடித்து நேர் பார்த்த கோடு அது. அதில் சந்தேகமே இல்லை.

தோளில் தட்டு விழுந்தது. தம்பி என் முகத்துக்கு முன்னால் விரல்களைக் குமிழி மாதிரி மேலே மேலே ஆட்டிக் காட்டினார். அப்போதுதான் உறைத்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது ஏன் அவ்வளவு பெரிய தப்பு? பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. சிலிண்டர் அந்த அழுத்தத்துக்கு ஏற்றபடிதான் காற்றைக் கொடுக்கும். அந்தக் காற்றை நெஞ்சில் பூட்டிக்கொண்டு மேலே ஏறினால், மேல்மட்டத்துக்கு வரும்போது அது இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் தாங்காது. அதனால்தான் ஸ்கூபாவில் முதல் விதி: மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

திரும்பும்போது ஒன்று கவனித்தேன். கல்லைத் தொடாதீங்க என்றவர், தன் வலது கை விரல் நுனியால் அந்தக் கல்லை லேசாகத் தொட்டு, கையை மாஸ்க்கின் கண்ணாடியில் வைத்தார். கண்ணில் ஒற்றிக்கொள்ள வழியில்லை, கண்ணாடி தடுக்கிறது. நான் பார்க்காததுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, மேலே வந்தோம். 41 நிமிடம். சிலிண்டரில் 50 பார் மிச்சம்.

இந்தக் கற்களைப் பற்றி எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் ஒரு வரி இருக்கும்: 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கண்டுபிடித்தார்கள். கிளார்க்கை அறிவியல் புனைகதை படிப்பவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1954 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் கொஞ்ச நேரம் இறங்கினார். 1956இல் திரும்பி வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். 2008 மார்ச்சில் இறக்கும் வரை இலங்கைதான் வீடு. விண்வெளியைப் பற்றி எழுதியவர் கடலுக்குள் ஏன் போனார் என்று கேட்டால், பூமியில் எடையில்லாமல் மிதக்கக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான் என்பது அவர் கணக்கு. காலமும் அதற்கு ஏற்றதாக இருந்தது. கூஸ்தோவும் காஞ்யானும் 1943இல் பிரான்சில் செய்த அக்வாலங் கருவி அப்போதுதான் உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்தது. கூஸ்தோவின் கடலடிப் படம் கான் விழாவில் பெரிய பரிசு வாங்கியதும் அதே 1956தான்.

கிளார்க் 1957இல் வெளியிட்ட இலங்கைப் பவளப்பாறைகள் பற்றிய நூலில் திருகோணமலைக் கடலடி வருகிறது. அவருடைய கூட்டாளி வில்சன் இன்னும் சுவாரசியமான ஆள். 1961இல் தெற்கே கிரேட் பாசஸ் என்ற பாறைத்தொடரில், ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் மொத்தம் மொத்தமாக ஒட்டிக் கிடந்த ஒரு கப்பல் சிதைவைக் கண்டவர்களில் ஒருவர். 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை இயக்கினார். முழுநீளச் சிங்களப் படங்களில் முதல் வண்ணப் படம் அது, நீருக்கடிக் காட்சிகளோடு. பெயருக்குப் பொன்முத்துத் தீவு என்று பொருள் சொல்லலாம். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு சுவாமி சிவகல்கி என்ற பெயரில் துறவியானார். கடலடியில் கிடைத்த லிங்கம்தான் மாற்றத்தின் தொடக்கம் என்பார்கள். எனக்கு அது அவ்வளவு நேர்க்கோடாகத் தோன்றவில்லை. ஆனாலும் கதை நன்றாகத்தான் இருக்கிறது.

இவர்கள் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ரெண்டு பேரும் துணிச்சலாக இறங்கினார்கள், பார்த்ததைப் படம் பிடித்தார்கள், எழுதினார்கள். 1950இல் அந்த வட்டாரத்தில் கிணறு தோண்டியபோது கிடைத்த செப்புத் திருமேனிகளும், ஆறு வருடம் கழித்து வந்த இந்தக் கடலடிச் செய்தியும் சேர்ந்துதான் புதுக் கோவில் எழ ஊக்கம் கொடுத்தன. 1963இல் குடமுழுக்கு நடந்தது.

என் பிரச்சினை 'கண்டுபிடித்தார்கள்' என்ற சொல்லோடு. காணாமல் போனதைத்தானே கண்டுபிடிக்க முடியும்? அது யாருக்குக் காணாமல் போயிருந்தது?

பெட்டியிலிருந்த ஜெராக்ஸில் முக்கியமானது ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய பெரிய நூலின் சில பக்கங்கள். இலங்கை அரசின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். அவர் சுவாமி மலையில் நடந்த வழிபாட்டை விவரிக்கிறார். மேலே கோவில் இல்லை. இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருப்பது பிரித்தானியரின் கோட்டை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் பூசாரி பாறை விளிம்புக்கு இறங்குவார். கடலுக்கு மேலே தொங்கும் ஒரு திட்டில் நின்று, பூவையும் படையலையும் கீழே கடலில் விடுவார். சுற்றிலும் பாறையைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள்.

இதைப் படித்துவிட்டுத்தான் எனக்கு அந்தச் சொல்லில் முள் தைத்தது. கட்டடம் இல்லை, சிலை இல்லை, கொடி இல்லை. அப்படியும் வருடம் தவறாமல் பூவைக் கீழே விடுகிறார்கள் என்றால், எதை நோக்கி விடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? சாமி கடலுக்குள் இருக்கிறார் என்று தெரிந்துதான் விட்டார்கள். கிளார்க்கும் வில்சனும் செய்தது, அதை முதலில் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தது. அதுவே பெரிய விஷயம். அதற்கு அந்த அளவு பெயர் போதும்.

இரண்டு டைவுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மேலே இருக்க வேண்டும். ரத்தத்தில் ஏறிய நைட்ரஜன் வெளியேற அவகாசம். எங்களுடைய இரண்டாவது இடம் நிலாவெளிக்கு எதிரே புறாத் தீவு. மாடப்புறாக்கள் பேர் கொடுத்த தீவு. பிரித்தானியர் குறி பார்த்துச் சுட்டுப் பழகியதும் இங்கேதான். 2003இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நாங்கள் கரையோரம் படகிலேயே உட்கார்ந்து தேநீரும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். தீவில் பயணிகள் கூட்டம், எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை.

டென்னன்ட் நூலின் மற்ற பக்கங்கள் முத்துக்குளிப்பு பற்றியவை. அது இந்தக் கரையில் நடந்தது அல்ல. தம்பலகாமம் குடாவில் வேறொரு வகைத் தட்டைச் சிப்பியில் சின்ன முத்து எடுத்தார்கள், அவ்வளவுதான். பெரிய சலாபம் எல்லாம் தீவின் மறுபக்கம், மன்னார் வளைகுடாவில். அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி. எதிர்க்கரையில் தூத்துக்குடியும் கீழக்கரையும். இரண்டு கரையிலிருந்தும் தமிழ் பேசும் சுழியோடிகள் வந்தார்கள். (சுழியோடி என்பது இலங்கையில் இன்றும் செய்தித்தாளில் வரும் சொல். நாம்தான் 'ஆழ்கடல் நீச்சல் வீரர்' என்று இழுத்துக்கொண்டிருக்கிறோம்.)

டென்னன்ட்டிடம் ஒரு கணக்கு இருக்கிறது. முத்துப்பாருக்குப் பல வருடம் மேற்பார்வையாளராக இருந்த கேப்டன் ஸ்டூவர்ட் அவரிடம் சொன்னது. ஒரு சுழியோடி அதிகபட்சம் அடியில் இருந்து ஸ்டூவர்ட் கண்டது 87 விநாடி. அதிகபட்ச ஆழம் பதின்மூன்று பாகம். சாதாரணமாக ஒன்பது பாகம், 55 விநாடி. பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், கடல்காரர்களின் அளவு, ஆறடி. ஒன்பது பாகம் என்றால் பதினாறரை மீட்டர்.

என் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அதிகபட்ச ஆழம் 16.2.

அதே ஆழம். எனக்கு 41 நிமிடம், சிலிண்டர், ரெகுலேட்டர், பக்கத்தில் காவலுக்கு ஓர் ஆள். அவர்களுக்கு 55 விநாடி. அதற்குள் கீழே போய்ச் சேர வேண்டும், கையால் சிப்பியை அள்ளி வலைப்பையில் போட வேண்டும், கயிற்றை இழுத்துச் சைகை செய்ய வேண்டும். இறங்குவதற்கு ஒரு கல். சுமார் பதினான்கு கிலோ, கயிறு கட்டியிருக்கும். அதில் காலை மாட்டிக்கொண்டு நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, விட்டால் நேராக அடி. ஒரு கல்லுக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி. ஒரு நாளில் நாற்பது ஐம்பது தடவை. வெளியே வரும்போது வாயிலும் மூக்கிலும் காதிலும் தண்ணீர் வரும், சில நேரம் ரத்தமும் வரும், அப்படியும் தன் முறை வந்ததும் மறுபடி இறங்குவார்கள் என்று 1803இலேயே ராபர்ட் பெர்சிவல் எழுதினார்.

மேலே படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இருப்பார். அந்த வேலையை மச்சானிடம்தான் கொடுப்பார்களாம். அண்ணன் தம்பி என்றால் சொத்து ஆசை வரலாம், தன் அக்காவோ தங்கையோ தாலி அறுக்க எந்த மச்சானும் விடமாட்டான் என்று விளக்கம் சொல்வார்கள். இரண்டு கரையிலும் கேட்கலாம் இந்தக் கதையை.

சுறா பயத்துக்கு 'கடல்கட்டி' என்று ஒருவர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். அவர் கரையில் இல்லாவிட்டால் சுழியோடிகள் இறங்க மாட்டார்கள் என்பதால் பிரித்தானிய அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவும் இதே தொழிலைச் சொல்கிறார், கூலி இருபதில் ஒரு பங்கு என்று. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நான் இன்று காலை ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன், எனக்கு ஏதாவது ஆனால் யாரும் பொறுப்பில்லை என்று. கடல்கட்டியாவது நம் பக்கம் நின்று மந்திரம் சொன்னார்.

1905இல் மன்னாரில் நடந்த சலாபம்தான் கணக்கில் பெரியது. சுமார் 5000 சுழியோடிகள், 8 கோடிக்கு மேல் சிப்பி. அந்த மயக்கத்தில் ஒரு லண்டன் கம்பெனி அடுத்த வருடமே இருபது வருடக் குத்தகைக்கு எடுத்தது, வருடத்துக்கு 3,10,000 ரூபாய். சிப்பி கை கொடுக்கவில்லை. சில வருடத்தில் கம்பெனி மூடியது. 1906 சலாபத்தில் மேற்பார்வைக்கு வந்த இளம் அதிகாரி ஒருவர், லியனர்ட் வுல்ஃப். பிறகு வர்ஜீனியா வுல்ஃபின் கணவர். அங்கே ஓர் அரபுச் சுழியோடி இறந்து, உடல் கரைக்கு வந்த இரவை அவர் கடைசிவரை மறக்கவில்லை. தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதினார். ஸ்டூவர்ட்டின் பெயர் இருக்கிறது, டென்னன்ட் பெயர் இருக்கிறது, வுல்ஃப் பெயர் இருக்கிறது. அந்த 55 விநாடிக்கு மட்டும் பெயர் கிடையாது.

இதையெல்லாம் நான் தம்பியிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பாவம், அவர் வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் கேட்டார்:

"அப்ப அவங்களுக்கு வாதம் வரல்லையா அண்ணா?"

"என்ன வாதம்?"

"கடல் வாதம். எங்கட சித்தப்பாவுக்கு வந்தது."

சித்தப்பா கடலட்டைக்குப் போனவர். கடலட்டை இங்கே யாரும் சாப்பிடுவதில்லை. காய வைத்தால் சீனாவுக்கும் ஹாங்காங்குக்கும் போகும், நல்ல விலை. கரையோரம் இருந்தவை தீரத் தீர ஆழம் கூடியது. சிலிண்டரை மாட்டிக்கொண்டு முப்பது மீட்டருக்குப் போனார்கள். ஒரு நாளைக்கு நாலு சிலிண்டர். கம்ப்யூட்டர் கிடையாது, அட்டவணை கிடையாது, நடுவில் ஒரு மணி நேர இடைவெளி கிடையாது. முடிந்ததும் நேரே மேலே.

"ஒரு நாள் ஏறி வந்து போட்டில இருந்து டீ குடிச்சிருக்காரு. முதுகு வலிக்குதுண்டு சொன்னாராம். பிறகு எழும்ப ஏலாமப் போச்சு."

அழுத்தத்தில் ரத்தத்திலும் தசையிலும் கரைந்த நைட்ரஜன், சட்டென்று மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்ததுபோலக் குமிழியாகும். முதுகுத் தண்டில் குமிழி அடைத்தால் கால் போகும். இது புது விஷயம் இல்லை. ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, படிப்படியாக நின்று நின்று ஏறுவதற்கான அட்டவணையைப் பிரித்தானியக் கடற்படைக்காக 1908இல் வெளியிட்டுவிட்டார். ஐந்து மீட்டரில் நான் நின்ற மூன்று நிமிடம் அந்த ஆராய்ச்சியின் பேரப்பிள்ளை. நூறு வருடம் ஆகியும் அந்தத் தாள், முப்பது மீட்டரில் அட்டை பொறுக்கியவர் கைக்கு வந்து சேரவில்லை. சிலிண்டர் மட்டும் வந்து சேர்ந்தது.

முத்துக்குளித்தவர்களுக்கு வாதம் வந்ததா என்ற அவருடைய கேள்வி நல்ல கேள்வி. ஒற்றை மூச்சில் போகிறவர் சிலிண்டர் காற்றை இழுப்பதில்லை, அதனால் நைட்ரஜன் குறைவு. ஆனால் ஒரே நாளில் பல தடவை ஆழத்துக்குப் போனால் அவர்களுக்கும் வரும். பசிபிக்கில் துவாமோத்து தீவுகளின் முத்துக்குளிப்போர் அதற்குத் 'தாரவானா' என்று பெயரே வைத்திருந்தார்கள். மயக்கம், பக்கவாதம், சாவு வரை போகும். பெர்சிவல் எழுதிய நாற்பது ஐம்பது தடவையை இதோடு சேர்த்துப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இரண்டாவது டைவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்பது மீட்டர், தெளிந்த தண்ணீர், பவளம், ஓர் ஆமை. மனசு அதில் இல்லை. ஆமைக்கு அது தெரிந்திருக்கும், நின்று பார்க்காமல் போய்விட்டது.

கரைக்கு வந்தபோது மணி ஒன்றரை. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. காலி சிலிண்டர்களை இறக்க நானும் ஒரு கை கொடுத்தேன். அங்கே ஒரு நாற்காலியில், பக்கத்தில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அறுபது வயது இருக்கும் ஒருவர் பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவருதான் சித்தப்பா" என்றார் தம்பி. "நீங்க இண்டைக்குக் குடிச்ச காத்தெல்லாம் இவரு நிரப்பினதுதான்."

நான் கும்பிட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

"எவ்வளவு ஆழம் போனீங்க?"

"பதினாறு மீட்டர் ஐயா."

"ஒம்பது பாகம்" என்றார், யோசிக்காமல். "கல்லுகள் கண்டீங்களா?"

"ஒரு தூண் பார்த்தேன்."

"எங்கட அப்பா அந்தப் பக்கம் வலை போட விடமாட்டார். பிய்ஞ்சு போகும். கோயில் கல்லில மாட்டினா வலையை விட்டுட்டு வந்திரு, இழுக்கப்படாது எண்டு சொல்லுவார்."

அப்பா எந்த வருடத்தில் அப்படிச் சொன்னார், 1956க்கு முன்பா பின்பா என்று என் நாக்கு நுனிவரை வந்தது. ஒரு முதியவரின் நினைவை நான் ஆதாரமாக வைக்க மாட்டேன். ஆனால் குறித்து வைக்காமலும் விடமாட்டேன்.

டைவ் பதிவேட்டை எடுத்து ஈரக் கையோடு நிரப்பினேன். இடம், ஆழம், நேரம், காற்று. கூட வந்தவர் கையெழுத்து என்ற கட்டத்தில் தம்பி போட்டார். 'பார்த்தவை' என்ற கட்டத்தில் ஒரு தூண், ஓர் ஆமை என்று எழுதினேன். கொஞ்சம் யோசித்து, கீழே சித்தப்பா சொன்னதையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் அடுத்த சிலிண்டரின் வால்வைத் திறந்து, காதை அருகே வைத்துக் கசிவு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.